சிவப்பு அறுபது

என் வீட்டுக்காரர் பட்டப்பகலில் பிளாஷ் அடிக்கிறவர். அதனாலேயே பெரம்பலூரில் அவரைக் கொஞ்சம் மறை கழன்ற ஆள் என்று பேசிக்கொள்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது, அதை ஒட்டியே வீடு. முன்னறையில் அவர் படம் எடுப்பார். பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த இருட்டில், நான் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று உள்ளே போனவள்தான். அடுப்பங்கரைப் புகையைவிட பிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் நாற்றம் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. பொம்பளை இருட்டறையில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று கேட்டவர்களும் உண்டு. வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். ஒருத்தரும் வந்ததில்லை.

பகலில் பிளாஷ் அடிப்பதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடித்து, சாப்பிட்டு, எல்லோரும் வரிசையாக நிற்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். பந்தல் நிழலில் நிற்கிறவர்களின் முகம் கறுத்துக் கிடக்கும், பின்னால் தெரு வெள்ளையாக எரியும். அரியலூர்ப் பக்கம் போனால் இன்னும் மோசம். சுண்ணாம்புக் கல் மண், பார்த்தாலே கண் கூசும். அந்த வெயிலை அடக்க ஷட்டரை வேகமாக வைக்க வேண்டும், அதில் முகம் இருட்டிவிடாமல் இருக்க பிளாஷ் அடிக்க வேண்டும் என்பார். அவரிடம் இருந்தது மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பழைய காமிரா. அதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். கண் இமை மாதிரி ஒரே சமயத்தில் முழுசாகத் திறந்து மூடும். ஐந்நூறில், அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில், வைத்து அடித்தாலும் பிளாஷ் வெளிச்சம் படம் முழுக்க விழுந்துவிடும். அப்படி எடுத்த படங்களைக் கழுவும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கும். பின்னால் வேப்பமர இலை ஒவ்வொன்றும் தெரியும், முன்னால் பெண்ணின் மூக்குத்தியும் தெரியும். மற்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு அது கைவரவில்லை, அதனால் அவரைக் கிறுக்கன் என்றார்கள்.

ஊரில் உள்ள எல்லோரையும் படம் எடுத்த மனிதர் தன் மகளை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு என் மாமியார் காரணம். எனக்கு முதலில் பிறந்தது தங்கவில்லை. இரண்டாவதாக இவள் பிறந்ததும் மாமியார் செட்டிகுளம் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். மலை மேல் மொட்டை போட்டுக் காது குத்துகிற வரைக்கும் பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது, படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். போட்டோ பிடித்தே சோறு தின்கிற வீட்டில் இதென்ன பேச்சு என்று நானும் சண்டைக்குப் போனேன். ஆனால் ஒன்றை வாரிக் கொடுத்த வீடு அது. சிரித்தவரும் காமிராவைத் தூக்கவில்லை, சண்டை போட்ட நானும் தூக்கச் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே உள்ளுக்குள் பயம்.

காது குத்து தள்ளிக்கொண்டே போனது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் தம்பி, எனக்கு அவன் ஒருத்தன்தான். அவன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலைக்குப் போயிருந்தான். லீவு கிடைக்கவில்லை என்று எழுதுவான். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று போய் இவளுக்கு மூன்று வயது ஆகப்போனது. இடுப்பு வரைக்கும் முடி. அதைச் சீவிச் சடை போட்டு, பிச்சிப்பூ வைத்து, ஸ்டூடியோவில் பிள்ளைகளை உட்கார வைக்கிற மர யானை மேல் உட்கார வைப்பேன். எதிரே காமிரா ஸ்டாண்டில் துணி போட்டு மூடியிருக்கும். அவள் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். வருகிறவர்களெல்லாம் காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் தம்பி வந்தான். அரியலூர் ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ரயிலை விட்டு இறங்கியவன் பெட்டிகளைப் போட்டுவிட்டு முதலில் கழுத்தில் தொங்கிய ஒரு தோல் பையைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். “இந்தாங்க மாமா, இனிமே அந்த ரெட்டக் கண்ணனத் தூக்கிப் பரண்ல போடுங்க” என்றான். ஜப்பான் காமிரா. கூடவே பேட்டரியில் எரியும் பிளாஷ். ஒவ்வொரு படத்துக்கும் பல்பு மாற்ற வேண்டாம். இவர் பிளாட்பாரத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். ரயில் போய், கூட்டமும் போய்விட்டது. இவர் லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். மகள் அவர் முதுகில் ஏறிக்கொண்டு அதை எனக்குக் கொடு என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கேட்டதை அவர் கொடுக்கவில்லை.

அந்தக் காமிராவின் தலையில் ஷட்டர் வேகத்துக்கு ஒரு வட்டம் இருந்தது. எண்களெல்லாம் வெள்ளையில் இருந்தன, அறுபது மட்டும் சிவப்பு. இது ஏன் சிவப்பு என்று தம்பியைக் கேட்டார். அவனுக்கு என்ன தெரியும், கடையில் கொடுத்தான், வாங்கி வந்தேன் என்றான். கூட வந்த புத்தகத்தில் சீனத்தான் எழுத்தோ ஜப்பான்காரன் எழுத்தோ, ஒன்றும் புரியவில்லை. “செவப்புன்னா அங்க போவாதன்னுதான் அர்த்தம்” என்று இவரே முடிவு செய்துகொண்டார். ரயில்வே கேட்டில் சிவப்பு, மின்சாரக் கம்பத்தில் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் விலகிப் போகிறவர்கள்தானே நாம் எல்லோரும். அறுபதை அவர் தொடவே இல்லை. அவர் வேலையும் வேகமான ஷட்டரில்தான், அறுபது எதற்கு என்று விட்டுவிட்டார்.

செட்டிகுளம் போவதற்கு பாடாலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பங்குனி வெயிலில் மலைப் படிக்கட்டு தோசைக்கல்லாகச் சுட்டது. தம்பி மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். மாமியார் படிக்குப் படி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். இரண்டு காமிராவையும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்று இவர் பழசை வீட்டில் வைத்துவிட்டார். மேலே கரும்பு பிடித்து நிற்கிற முருகனைக் கும்பிட்டுவிட்டு, மண்டபத்து நிழலில் மொட்டை போட்டோம். சடை பிரிந்து கீழே விழுந்தபோது அவள் அழவில்லை. தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். சந்தனம் பூசினோம். அதற்குப் பிறகு மாமியார் தன் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், முடி முருகனுக்குப் போய்விட்டது, காதும் இதோ குத்தப்போகிறது, இனி எடுக்கலாம் என்று.

அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த மனிதர். ரோல் தீர்கிற வரைக்கும் எடுத்தார். மண்டபத்துக்கு வெளியே வெயில் கொதித்தது, உள்ளே நிழல். அவருக்கு வாய்த்த வேலை. ஷட்டரை இருநூற்றைம்பதில் வைத்தார், ஒவ்வொரு படத்துக்கும் பிளாஷ் அடித்தார். தம்பி பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். ஆசாரி காதைத் தேய்த்துவிட்டுக் குத்தினார். அவள் வீல் என்று கத்தினாள். நான் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று, இதோ அம்மா, இதோ அம்மா என்று கையை ஆட்டினேன். அவர் காமிராவை நிமிர்த்திப் பிடித்து அந்தச் சமயத்தில் அடித்தார்.

தம்பி லீவு முடிந்து கிளம்பினான். கல்யாண வேலைகளைத் தள்ளிவிட்டு அந்த ரோலைக் கழுவ உட்கார்ந்தேன். தண்ணீரில் அலசிவிட்டு, விளக்கைப் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். நெகட்டிவில் வெளிச்சம் விழுந்த இடம் கறுப்பாக இருக்கும், விழாத இடம் கண்ணாடியாக வெறிச்சென்று இருக்கும். இந்த ரோலில் ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு பட்டை மட்டும் சரியாக இருந்தது. வெளியே வெயில் பட்ட இடம் தவிர மீதியெல்லாம் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. காமிராவைப் படுக்க வைத்து எடுத்த படங்களில் ஆசாரியின் முழங்கை அப்படி ஒரு தெளிவு. இன்னொன்றில் கோயில் தூணும் யாரோ ஒரு அம்மாளின் தூக்குவாளியும். நிமிர்த்தி எடுத்த படங்களில் மேலே தம்பி முகம் இருந்தது, மீசையில் ஒட்டிய வியர்வை வரைக்கும். அவன் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில்தான் என் மகள் இருந்தாள்.

நான் கோபக்காரி. அன்றைக்கு ஸ்டூடியோவில் ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் எடுக்கத் தெரிகிறது, பெற்ற பிள்ளையை எடுக்கத் துப்பில்லை என்றேன். அவர் நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காமிராவைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனார். அங்கே காமிரா ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் பின்பக்கத்தைத் திறந்து காட்டி விளக்கியிருக்கிறார். திரும்பி வந்து இவர் எனக்கு விளக்கினார். இந்தக் காமிராவில் ஷட்டர் லென்ஸில் இல்லை. பிலிமுக்கு முன்னால் இரண்டு துணித் திரை ஓடுகிறது. மெதுவாக வைத்தால் முதல் திரை முழுக்க விலகின பிறகுதான் இரண்டாவது கிளம்பும். வேகமாக வைத்தால் முதல் திரை போய்ச் சேருவதற்குள்ளேயே இரண்டாவது அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும். நடுவில் ஒரு சந்து மட்டும்தான் திறந்திருக்கும். பிளாஷ் கண் சிமிட்டுகிற நேரத்தில் அந்தச் சந்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் வெளிச்சம். பிளாஷ் அடிப்பதற்கு எது கடைசி வேகமோ அதைத்தான் சிவப்பில் போட்டிருக்கிறான்.

“அந்த செவப்பு அறுவதுலதான் அடிக்கணுமாம் புள்ள. நான் போவக் கூடாதுன்னு நெனச்சது, அங்கதான் போவணுமாம்” என்று சொல்லிச் சிரித்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு. அப்போ பிள்ளை படம் என்றேன். “அவ எங்க ஓடிப்போறா, வூட்லதானே இருக்கா. காதுப் புண்ணு ஆறட்டும், கொஞ்சம் முடி வளரட்டும். மர யானை மேல உக்கார வெச்சு எடுத்துத் தரேன்” என்றார்.

நியாயமான பேச்சுதான். காது இரண்டும் சீழ் கோர்த்து வீங்கியிருந்தது, பார்க்கவே பாவமாக இருந்தாள். அதற்குள் சித்திரை, வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டது. இவர் வேப்பந்தட்டை, அரியலூர், ஜெயங்கொண்டம் என்று அலைந்தார். புதுக் காமிராவில் சிவப்பு அறுபதில் வைத்து, மண்டபத்துக்குள்ளே எடுத்த படங்கள் நன்றாகத்தான் வந்தன. நான் பின்னறையில் ஊரார் கல்யாணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அம்மா வரலாமா, அம்மா வரலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிலிம் வெளியில் இருக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். முடி நெல் நாற்று மாதிரி குத்திக்கொண்டு வளர ஆரம்பித்திருந்தது.

ஆனி மாதம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கழுத்து விறைத்ததும் பெரம்பலூர் டாக்டர் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார். திருச்சியில் மூளைக் காய்ச்சல் என்றார்கள். அவர்களும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். திரும்பி வரும்போது அவளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தேன். வாடகைக் கார். பாடாலூரில் டிரைவர் நிறுத்தி டீ சாப்பிட்டார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். அந்த டீயில் சர்க்கரை அதிகம் என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பக்கம் இறந்தவர்களைப் படம் எடுக்கிற வழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து எடுப்பார்கள். அதற்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள், நான்தான் பிரிண்ட் போடுவேன். அதனால் அன்றைக்கு வந்த சனமெல்லாம் இவர் முகத்தைப் பார்த்தது. ஒரு படம்கூட இல்லையாமே, இப்பவாவது எடுத்துவிடப்பா என்று பெரியவர் ஒருவர் சொன்னார். இவர் எழுந்து போய்ப் பரணிலிருந்து பழைய காமிராவை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் தோல் பையைத் திறந்தார். மாமியார் அவளைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

“கண்ண மூடுன படம் எனக்கு வேணாங்க. நீங்க எடுத்தா எடுங்க, நான் கழுவ மாட்டேன்” என்றேன்.

அவர் பையை மூடிவிட்டார். அவளைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெண்டுகள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுதுவிடுடி, இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று ஒருத்தி முதுகில் ஓங்கி அடித்தாள். வலித்தது. அழுகை வரவில்லை. எங்கிருந்து வரும் என்று தேடிப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டால் அது யாருடைய காலோ மாதிரி இருக்கும் அல்லவா, அப்படித்தான் இருந்தேன். பசித்தது, சாப்பிட்டேன். ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். கல் நெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

ஸ்டூடியோவைத் திறந்துதானே ஆக வேண்டும். முதலாம் பிறந்த நாள் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், மர யானை மேல் உட்கார வைப்பார்கள். நான் கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்க வைப்பேன். பின்னறையில் அந்த முகங்கள் தட்டில், தண்ணீருக்கு அடியில், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். எனக்கு ஒன்றும் செய்யாது. அவர் மேல் கோபமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். எங்க ஓடிப்போறா என்று சொன்னாரே, அதை எடுத்து அவர் மூஞ்சியில் வீசலாம் என்று பார்த்தேன். கோபமும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவரும் நானும் சாப்பாடு, கரண்ட், பேப்பர் வந்ததா என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்தது. இதை யாரிடம் சொல்ல முடியும். பெற்றவளுக்குப் பிள்ளை முகம் மறக்குமா என்பார்கள். மறக்கிறது. மூக்கு ஞாபகம் வரும், கண் வராது. கண் வந்தால் அது நேற்று வந்த வேறு ஏதோ பிள்ளையின் கண்ணாக இருக்கும். அத்தனை பிள்ளைகளின் முகம் என் கைவழியாகப் போய்க்கொண்டிருந்ததில் இவள் முகம் கரைந்துகொண்டே போனது. எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும், கண் திறந்த படம். சுவரில் மாட்டிவைத்து, இதுதான் என் பிள்ளை என்று பார்ப்பதற்கு வேண்டும்.

அந்த ரோலை எடுத்தேன். தம்பி மடியில் இருக்கிற அந்த ஒரு படம்தான் கொஞ்சமாவது தேறியது. பிளாஷ் விழாத இடத்திலும் பகல் வெளிச்சம் என்று கொஞ்சம் விழுந்திருந்தது. பின்னால் வெயிலில் மலைச் சரிவு தெரிந்தது. அதற்கு முன்னால் தம்பியின் கைகளுக்கு நடுவே ஒரு இருட்டு, உருண்டையான மொட்டைத் தலை. அதற்குள் முகம் இருந்தால் இருக்க வேண்டும். முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் அள்ளிக் கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துக் காட்டுகிற அழுத்தமான பேப்பர் வாங்கி வரச்சொல்லிப் போட்டேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கம்பியில் அட்டையைக் குத்தி அந்த இடத்துக்கு மட்டும் நிழல் கொடுத்துப் போட்டேன். அப்படிப் போட்டால் இருட்டு சாம்பல் ஆகும். முகம் ஆகாது. எத்தனை பேப்பர் வீணாக்கினேன் என்று அவர் கேட்கவில்லை. பேப்பர் தீர்ந்தால் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்து வைத்துவிடுவார்.

கடைசியில் மொத்தப் படத்தையும் சும்மா ஒன்று போட்டேன். மேலே தம்பி பளிச்சென்று இருந்தான், மடியில் இருட்டு. அதையே சின்னதாகச் சட்டம் போட்டு, விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மாமியார் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். செத்த பிள்ளைக்கு என்று மாட்டினால் விளக்கு வைக்க வேண்டும், மாலை போட வேண்டும். உயிரோடு இருக்கிறவன் முகம் இருக்கிற படத்துக்கு எப்படி மாலை போடுவாய், உனக்கு இருப்பது ஒரு தம்பி என்றார். வேண்டுமானால் அவனை வெட்டி எடுத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் மாட்டு என்றார். வெட்டிப் பார்த்தேன். தம்பி இல்லாவிட்டால் அது பிள்ளை என்று யாருக்கும் தெரியவில்லை, பிலிம் வீணாய்ப்போன துண்டு மாதிரி இருந்தது. அவன் கை அணைத்திருப்பதால்தான் அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்றே தெரிகிறது. அவன் இருந்தால் மாலை போட முடியாது, அவன் இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. மாமியார் சொன்னதில் தப்பும் இல்லை. படத்தை எடுத்து உள்ளறையில், நெல் மூட்டைக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில் மாட்டினேன். வருசா வருசம் அவள் போன நாளில் வெறும் தரையில் விளக்கு வைத்துப் பால் வைப்பேன். சுவரைப் பார்த்துக் கும்பிடுவேன்.

சில வருசம் கழித்து, எண்பதுகள் பிறந்த பிறகு, தம்பி மறுபடியும் வந்தான். மாமியார் அப்போது இருந்தார், கண் கொஞ்சம் மங்கியிருந்தது. தம்பி வந்த மறுநாள் என் மகள் போன நாள். நான் தரையைத் துடைத்து விளக்கு வைப்பதைப் பார்த்துவிட்டு, படம் எங்கேக்கா என்று கேட்டான். எழுதியிருந்தேன் அவனுக்கு, ஒரு படம் இருக்கிறது என்று. உள்ளறையைக் காட்டினேன். அவன் போய் அதன் முன்னால் நின்றான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஏன் இங்கே மாட்டியிருக்கிறாய், ஏன் பூ இல்லை என்று கேட்டான். காரணத்தைச் சொன்னேன்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். திரும்பி வரும்போது இலையில் சுற்றின ஒரு கதம்ப மாலை கொண்டுவந்தான், மாப்பிள்ளைக்குப் போடுகிற தடிமனில். படத்தைக் கழற்றினான். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் படத்தை வைத்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமியார் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார், வேண்டாம் சாமி, நல்லா இருக்கிற பிள்ளை நீ என்றார். நானும் போய் மாலையைப் பிடித்தேன். “விடுடா. எனக்கு ரெண்டு போனது போதும்” என்றேன்.

“என் மூஞ்சிக்குத்தானேக்கா மால, நானே போட்டுக்கறேன். அவ என் மடிலதானே உக்காந்திருக்கா, அவளுக்கு மட்டும் எப்படிப் போடறது” என்றான்.

என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, மாலையைப் படத்துக்குப் போட்டான். சின்னச் சட்டம், பெரிய மாலை. அது மேல் சட்டத்தில் நிற்காமல் முன்பக்கமாகச் சரிந்து, தம்பியின் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு நின்றது. நேராக வைக்கலாம் என்று குனிந்தேன்.

அவள் இருந்தாள். வாசல் வெளிச்சம் நேராகப் படத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மேலே இருந்த பளிச்சென்ற முகம் பூவுக்குள் போய்விட்டது. இருட்டுக்குள் இருந்து முதலில் காது தெரிந்தது. பிறகு கன்ன மேடு, திறந்த வாய், இரண்டு கண்கள். ரொம்ப லேசாகத்தான். ஆனால் அவளுடைய கண், வேறு எந்தப் பிள்ளையின் கண்ணும் இல்லை. இதில் ஒரு அதிசயமும் கிடையாது. பக்கத்தில் பளிச்சென்று ஒன்று இருந்தால் இருட்டில் இருப்பது கண்ணுக்குப் பிடிபடாது, அதை மறைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். இத்தனை வருசம் இருட்டறையில் கிடந்தவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். இருட்டை வெளுக்க வைக்கத்தான் நான் அத்தனை பேப்பரைக் கொட்டினேன். உள்ளறை இருட்டில் நின்றுதான் தினமும் பார்த்தேன். என் தம்பியின் முகத்தைக் கையால் மூடிப் பார்க்க ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

“என்னங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, ஸ்டூடியோவில் ஆளை உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அழுவுறா” என்றார்.

“என்னப் பாத்துதான் அழுவுறா. நான் உங்க பக்கத்துல நின்னு கைய ஆட்டிக்கிட்டு இருந்தேன்” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை வருசமாக வராதது வந்தது. அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன், எங்க ஓடிப்போறான்னு சொன்னீங்களே, எங்க ஓடிப்போறான்னு சொன்னீங்களே என்று. அவர் அடி வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தம்பி என்னைப் பிடிக்க வரவில்லை.

மாலை நான்கைந்து நாள் தாங்கியது. பூ சுருங்கச் சுருங்க தம்பியின் நெற்றி வெளியே வந்தது, பிறகு கண், பிறகு மீசை. அவன் பளிச்சென்று வரவர அவள் மறுபடியும் இருட்டுக்குள் போய்விட்டாள். அவன் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது அரியலூரில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, பஸ் ஸ்டாண்டுப் பூக்கடையில் இறங்கினேன். இருப்பதிலேயே தடிமனான மாலை எது என்று கேட்டேன்.